மீட்டமை

தேநீரில் சர்க்கரை இருந்தது.

ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையை மேசையில் வைத்தவன், சந்தேகம் தீராமல் மறுபடி எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தான். இனிப்புதான். கல்யாணமாகி இந்த வீட்டுக்குக் குடிவந்ததிலிருந்து அவனுக்குக் கிடைத்ததெல்லாம் சர்க்கரை போடாத தேநீர். அவள் வேண்டுமென்று செய்ததில்லை. அவளுடைய முதல் கணவருக்குச் சர்க்கரை ஆகாது. அவருக்குக் கலந்து கலந்து பழகிய கை, அவர் இறந்த பிறகும் அதே பழக்கத்தில் கலந்துகொண்டிருந்தது. அவனும் வாயைத் திறந்து கேட்டதில்லை. கேட்டால் அவள் நாக்கைக் கடித்துக்கொள்வாள், "மறந்தே போச்சுங்க, அவருக்கு..." என்று ஆரம்பிப்பாள், முடிக்க முடியாமல் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வாள். அந்த 'அவருக்கு' என்ற வார்த்தையைக் காலையில் வெறும் வயிற்றில் கேட்பதைவிட இந்தக் கசப்பையே குடித்துத் தொலைக்கலாம் என்று குடித்துவந்தான்.

"என்ன, இன்னிக்கு சர்க்கரை போட்டிருக்க?"

மகளுக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். அவள் முகத்தில் வெறும் குழப்பம்தான் இருந்தது. "எப்பவும் போடுறதுதானேங்க," என்றாள்.

அவன் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டான். தேநீரை அடிவரை குடித்தான். சந்தோஷமாகத்தான் இருந்தது, ஆனால் சட்டைக்குள் முடி விழுந்ததுபோல எங்கோ ஓரிடத்தில் நெருடிக்கொண்டும் இருந்தது. கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுக் கடைக்குக் கிளம்பினான்.

அவன் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவன். இந்த வீட்டுக்குள் முதலில் காலெடுத்து வைத்ததும் அந்த வேலையாகத்தான். முன்னவர் போய்ச் சில மாதங்கள் கழித்து அவருடைய கணினி ஒருநாள் எழுந்திருக்க மறுத்தது. அவள் கடைக்கு போன் செய்தாள், அவன் பையோடு வந்தான். பழுது அன்றைக்கே சரியாகிவிட்டது. ஆனாலும் அவன் எதையாவது சாக்குச் சொல்லி மறுபடி மறுபடி வந்தான், அவளும் சாக்கென்று தெரிந்தே கதவைத் திறந்தாள். கடையில் கூட வேலை பார்க்கும் நண்பனுக்கு, சிப்பு என்று ஊரெல்லாம் கூப்பிடும் அந்த வாயாடிக்கு, இந்தக் கல்யாணத்தில் தலைகால் புரியவில்லை. அவர் பழைய வெர்ஷன், நீதான் அப்டேட்டு என்று கடைக்கு வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லோர் முன்னாலும் முதுகில் தட்டினான். இவனும் சிரித்துவைத்தான். பழைய வெர்ஷனை நீக்கினாலும் அதன் மிச்சம் மெஷினுக்குள் எங்கெங்கே ஒட்டிக்கொண்டிருக்கும் என்பது சிப்புவுக்குத் தெரியாததல்ல.

இங்கேயும் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. கட்டிலில் அவள் எப்போதும் சுவரோரமாக ஒண்டிப் படுத்தாள். நடுவில் மிச்சமிருக்கும் இடம் அவனுடைய உடம்பைவிடப் பெரிய ஓர் உடம்புக்கான இடமாக இருந்தது. கணினி அறையில் இருந்த, சக்கரம் வைத்த சுழல் நாற்காலி யாரோ உயரமானவருக்காக ஏற்றிவைக்கப்பட்டிருந்தது, அதில் உட்கார்ந்தால் அவனுக்குக் கால் தரையில் படாது, ஆனால் அதை இறக்கிக்கொள்ளவும் மனசு வராது, ஏனென்றால் இறக்கிய மறுநாள் அவள் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போவாள். மாடிவீட்டு அம்மா கேட்டைத் திறக்கும்போதெல்லாம் "அவரு இருந்தப்போ இது இப்படிக் கத்தாது" என்று யாரிடமோ சொல்வதுபோல் சொல்லிவிட்டுப் படியேறுவார். உயிரோடு இருக்கிறவனோடு என்றால் மல்லுக்கட்டலாம். செத்தவருக்குக் குறட்டை கிடையாது, தொப்பை கிடையாது, கோபத்தில் ஒரு வார்த்தை தவறுவது கிடையாது. நாளுக்கு நாள் நல்லவராகிக்கொண்டே போவார். கூடத்துச் சுவரில் அவர் படம் இருந்தது. அழகன் வேறு. நல்ல நெற்றி, அடர்ந்த புருவம், சிரித்தால் ஒரு பக்கம் மட்டும் ஏறுகிற உதடு. அந்தப் படத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அவன் வயிறு எரியும். வெட்கமாக இருக்கும், ஆனாலும் எரியும்.

எல்லாவற்றையும்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பான். அவள் மகள் குட்டி விஷயத்தில்தான் அவனால் முடியவில்லை. ஆறு வயதுக் குழந்தை அவனை 'அங்கிள்' என்றுதான் கூப்பிட்டது. அவன்தான் குளிப்பாட்டினான், பள்ளிக்கூடத்தில் விட்டான், காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தான். அப்பான்னு கூப்பிடேன்டா என்று அவள் ஒருமுறை எடுத்துக் கொடுத்தபோது குட்டி சுவரைக் காட்டி, அப்பாதான் அங்கே இருக்காரே என்றது. சர்வசாதாரணமாகச் சொன்னது. அன்று அவன் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு உள்ளே வெகுநேரம் நின்றான்.

தேநீரில் சர்க்கரை வந்ததற்கு முந்தின நாள்தான் அவள் கணினி நத்தையாக ஊர்கிறது என்று சொல்லியிருந்தாள். பள்ளிப் பிள்ளைகளுக்கு அதில்தான் கணக்குப் பாடம் எடுப்பாள். வகுப்பு நடுவில் நின்று நின்று போனதாம். வேகமாக்கிக் கொடுத்தால் போதும், அவரோட படம், எழுத்து எதையும் தொடக் கூடாது என்றாள். தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். சொன்ன சொல்லை எழுத்துக்கு எழுத்துக் காப்பாற்றவும் செய்தான். படங்களைத் தொடவில்லை. கடிதங்களைத் தொடவில்லை. ஆனால் விண்டோஸுக்குள் ரெஜிஸ்ட்ரி என்று ஒன்று இருக்கிறது. இந்த மெஷினில் யார் இருக்கிறார்கள், அவர்களுக்கு எது எப்படிப் பிடிக்கும், எதைத் தொட்டால் எது திறக்க வேண்டும் என்றெல்லாம் அது தன் நினைவில் வைத்திருக்கும் இடம். ஆள் போன பிறகும் அந்த நினைவு அங்கேயே கிடந்து மெஷினை இழுக்கும். அதைத்தான் அவன் துடைத்தான்.

துடைப்பதற்கு மென்பொருள்கூட வெளியிலிருந்து கொண்டுவரவில்லை. முன்னவரே போட்டுவைத்திருந்த ஒன்று இருந்தது. அவருக்கு எல்லாம் தமிழில் இருக்க வேண்டும் என்று ஒரு பிடிவாதம், அந்த மென்பொருளின் பொத்தான்கள்கூடத் தமிழ்தான். 'ஆராய்' என்றதை அழுத்தினான், அவர் பெயர் ஒட்டியிருந்த வரிகள் திரை நிறையக் கொட்டின; 'நீக்கு' என்றதை அழுத்தினான், எல்லாம் போயின. அப்படி அழுத்தும்போது அவன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான் என்பது தாடை வலித்தபோதுதான் தெரிந்தது. மெஷின் குதிரையாக ஓடியது. அவள் சிரித்தாள்.

அடுத்த நாள்தான் தேநீரில் சர்க்கரை.

அதன்பிறகு ஒவ்வொன்றாக நடந்தது. கட்டிலின் நடுவில் இருந்த இடம் மறைந்தது. அவள் புரண்டு வந்து அவன் தோளில் தலை வைத்துத் தூங்கினாள். நாற்காலி தானாக இறங்கியிருந்தது, யார் இறக்கியது என்று அவன் கேட்கவில்லை. மாடிவீட்டு அம்மா கேட்டை ஆட்டிப் பார்த்துவிட்டு, இது எப்பவும் இப்படித்தான் கத்தும் என்று போனார். ஒருநாள் மாலை கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தவள், துடைப்பத்தோடு அப்படியே சுவரைப் பார்த்து நின்றாள்.

"என்னங்க, யாரு இது? உங்க சொந்தக்காரரா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் கண்ணில் விளையாட்டு இல்லை. தலையைச் சாய்த்து, முன்பின் தெரியாத ஒருவரைப் பார்ப்பதுபோல, கொஞ்சம் கூச்சத்தோடு அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆமாம், தூரத்துச் சொந்தம் என்றான் அவன். நல்லா இருக்காரே என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி பெருக்க ஆரம்பித்தாள். அந்த 'நல்லா இருக்காரே'கூட அவனுக்குப் பொறுக்கவில்லை. அன்றே படத்தைக் கழற்றிக் கணினி அறை அலமாரியின் பின்னால் செருகினான்.

மறுநாள்தான் குட்டி கூப்பிட்டது. செருப்பின் வார் மாட்டவில்லை என்று வாசலில் உட்கார்ந்துகொண்டு, தலையைத் தூக்காமலே, "அப்பா, இதப் போட்டுவிடுங்க" என்றது. அவன் குனிந்து வாரை மாட்டினான். ஒருமுறை நழுவி, மறுமுறைதான் மாட்ட முடிந்தது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்ததைக் குழந்தை பார்க்கக் கூடாதென்று குனிந்தபடியே இருந்தான். அவன் பிறந்ததிலிருந்து யாரும் அவனுக்குக் கொடுத்த எதுவும் இதற்கு ஈடாகாது. இதை இனி யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று நினைத்துக்கொண்டான்.

இருமல் சத்தம் அன்று மாலையே கேட்டது.

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோது கணினி அறையிலிருந்து வந்தது அது. தொண்டையில் சளி இல்லாமல், பேச்சைத் தொடங்கும் முன் சிலர் செய்வார்களே, அப்படி ஒரு வறட்டு இருமல். அவன் கை நின்றது. அவளும் குட்டியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் கழித்து நாற்காலியின் சக்கரம் தரையோட்டில் உருள்கிற கரகரப்பு, பிறகு சவரம் செய்த முகத்தில் தடவுகிற ஏதோ ஒரு திரவத்தின் வாசனை, எலுமிச்சையும் சாராயமும் கலந்ததுபோல, கதவிடுக்கு வழியாக மெல்ல வந்து சோற்றின் மேல் படிந்தது. அவன் அந்தத் திரவம் போடுவதில்லை. எழுந்து போய்ப் பார்த்தான். அறை காலி. நாற்காலி மட்டும் உயரமாக இருந்தது. இறக்கிவிட்டு வந்தான்.

தினமும் அப்படியே ஆயிற்று. விளக்கு வைக்கும் நேரத்தில் தொடங்கும். இருமல், சக்கரம், வாசனை, பிறகு அறைக்குள் மட்டும் நடக்கிற காலடி, சுவர் வரை போய்த் திரும்பும் காலடி. அவள் அந்த அறையில் உட்கார்ந்து பிள்ளைகளுக்கு வகுத்தல் சொல்லிக்கொண்டிருப்பாள், அவளுக்குப் பின்னால் அது நடந்துகொண்டிருக்கும், அவள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். அவளுக்கு அவரைத் தெரியாது. குட்டிக்குத் தெரியாது. மாடிவீட்டு அம்மாவுக்குத் தெரியாது. இந்த வீட்டில் முன்னவரை நினைத்துக்கொண்டிருப்பவன் இப்போது அவன் ஒருவன்தான். ராத்திரி பகல் என்று பாராமல், பெண்டாட்டிகூட நினைத்திராத அளவுக்கு, அவன்தான் நினைத்துக்கொண்டிருந்தான்.

அது எங்கிருந்து வருகிறது என்பது அவனுக்குச் சீக்கிரமே புரிந்துபோயிற்று. அந்த மென்பொருள் நீக்கியதை ஒரேயடியாகத் தூக்கிப் போட்டுவிடாது. எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு காப்பு நகல் எடுத்து ஒரு ஃபோல்டரில் போட்டு மூடிவைக்கும். கட்டிலில் இருந்தவர், கோப்பையில் இருந்தவர், கேட்டில் இருந்தவர், மகளின் வாயில் இருந்தவர், அத்தனை பேரும் அந்த ஒரே ஃபோல்டரில் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கிறார்கள். அதை நினைத்தபோது பயத்தைவிட முதலில் வந்தது பழைய எரிச்சல்தான். இவ்வளவு செய்தும் மனிதர் வீட்டைக் காலி செய்யவில்லை. யாராவது தெரியாத்தனமாக ஒன்றைத் தட்டினால் எல்லாம் திரும்ப வந்துவிடும். குட்டி மறுபடி 'அங்கிள்' என்னும்.

கடையில் சிப்புவிடம் பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டான். சிப்பு ஸ்க்ரூவை வாயில் கவ்வியபடி பதில் சொன்னான்.

"மெஷின் நல்லா ஓடுதுல்ல? அப்புறம் பழைய காப்பு எதுக்கு, குப்பை. தூக்கிப் போட்டுட்டுப் போய்க்கிட்டே இரு."

அன்று மாலை அவளும் குட்டியும் பள்ளிக்கூட ஷூ வாங்கக் கடைத்தெருவுக்குப் போனார்கள். வாசலில் குட்டி, "அப்பா, நீங்களும் வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்தது. கொஞ்சம் வேலை இருக்கிறது, வந்ததும் போட்டுக் காட்ட வேண்டும் என்று சொல்லி அனுப்பினான். அவர்கள் தெருமுனை திரும்பும்போதே தூறல் ஆரம்பித்துவிட்டது. கதவைச் சாத்திவிட்டுக் கணினி அறைக்குள் வந்து உட்கார்ந்தான்.

மழை ஜன்னல் தகரத்தில் விழும் சத்தம், அதற்குக் கீழே மெஷினுக்குள் மின்விசிறி சுற்றும் முனகல், அதற்கும் கீழே, கவனித்துக் கேட்டால் மட்டும் கேட்கிற மாதிரி, அவன் முதுகுக்குப் பின்னால் யாரோ மூக்கால் விடும் மூச்சு. அறை ஓரத்தில் அலமாரியின் நிழல் சுவரில் விழுந்திருந்தது, அந்த நிழலுக்குத் தோள் இருந்தது. வாசனை முன்னெப்போதையும்விடக் கெட்டியாக இருந்தது. அவன் திரும்பவில்லை. ஃபோல்டரைத் திறந்தான். தேதியும் எண்ணும் பெயராக வைத்த கோப்புகள், சில சின்னது, சில பெரியது. குப்பைத் தொட்டிக்குப் போகாமல் நேரடியாக அழிந்துபோகும்படி ஷிஃப்டை அழுத்திக்கொண்டு முதல் கோப்பை அழித்தான்.

பின்னால் இருமல் வந்தது. பாதியில் அறுந்தது.

அவன் காத்திருந்தான். மறுபடி இருமல் வரவில்லை. உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தது. அடுத்ததை அழித்தான், வாசனை போயிற்று, குழாயை மூடினால் தண்ணீர் நிற்பதுபோலச் சட்டென்று போயிற்று. அடுத்தது. சுவர் வரை போய்த் திரும்பிக்கொண்டிருந்த காலடியில் ஒரு கால் குறைந்தது. இப்போது ஒற்றைக் காலால் ஊன்றி, எதையோ இழுத்து, ஊன்றி, இழுத்து, அது நடந்தது. வேகமாக நடந்தது. போ, போ என்று அவன் வாய்க்குள் சொல்லிக்கொண்டான். அவள் தலை சாய்த்த தோள் இது. குட்டி கூப்பிட்டது என்னை. உனக்கு இங்கே என்ன வேலை?

அதற்கடுத்தது எல்லாவற்றிலும் பெரிய கோப்பு. அதைத் தேர்ந்தெடுத்தபோது திரை ஒரு கணம் கறுத்தது. கறுத்த கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது, அவன் தோளுக்கு மேலே இன்னொரு முகமும் தெரிந்தது. நல்ல நெற்றி. அடர்ந்த புருவம். ஒரு பக்கம் ஏறிய உதடு. பயத்தில் அவன் கை விறைத்துப்போனது. ஆனால் அந்த நேரத்திலும், சத்தியமாக அந்த நேரத்திலும், எவ்வளவு அழகாக இருக்கிறான் என்றுதான் அவனுக்குத் தோன்றியது, அந்தப் பொறாமைதான் விரலை அழுத்தியது.

திரை வெளுத்தது. மறுபடி கறுத்தது. அந்த முகம் இருந்த இடம் மழமழவென்று இருந்தது.

மிச்சம் ஒரே ஒரு கோப்பு. அழித்தான். அழியவில்லை. சின்னப் பெட்டி ஒன்று வந்து நின்றது.

'இந்தக் கோப்பு பயன்பாட்டில் உள்ளது.'

மறுபடி அழித்தான். பயன்பாட்டில் உள்ளது. எல்லாவற்றையும் மூடிவிட்டு முயன்றான். பயன்பாட்டில் உள்ளது. பின்னால் ஒற்றைக் கால் நின்றுவிட்டது. மிக அருகில் நின்றது. அவன் பிடரி மயிர் அசைந்தது.

அவளும் குட்டியும் வந்துவிடுவார்கள். மழையில் ஓடி வருவார்கள். அதற்குள் முடிக்க வேண்டும். மென்பொருளைத் திறந்து, அதன் வழியாகவே காப்பை ஒழித்துவிடலாம் என்று உள்ளே போனான். காப்புகள் என்ற பக்கத்தில் அந்த ஒரு கோப்பின் பெயர், அதன் எதிரே ஒரே ஒரு பொத்தான். மீட்டமை.

கடையில் நாள்தோறும் பார்க்கிற சொல் அது. தமிழில் வைத்திருக்கும் போன்கள் தகராறு செய்துகொண்டு வரும். அமைப்புகளுக்குள் போய் 'மீட்டமை'யைத் தட்டினால் உள்ளிருக்கும் சகலமும் அழிந்து, பெட்டியிலிருந்து எடுத்த புதுப் போன் மாதிரி ஆகிவிடும். எத்தனை போன்களை அப்படித் துடைத்திருப்பான். அவன் விரலுக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் ஒன்றே ஒன்றுதான்.

அழுத்தினான். உறுதியாகவா என்றது. ஆம் என்றான்.

பச்சைக் கோடு நீண்டது. மெஷின் முனகல் ஏறி, ஏறி, நின்றது. வீட்டுக்குள் எல்லா அறைகளிலும் ஒரே நேரத்தில் ஏதோ நகர்ந்தது. அலமாரிக்குப் பின்னாலிருந்து கண்ணாடிச் சட்டம் சுவரில் உரசியது. பிறகு திரையில் எழுத்து வந்தது.

'மீட்டமைக்கப்பட்டது. சில கோப்புகள் கிடைக்கவில்லை.'

அவன் அதைப் படித்தான். மறுபடி படித்தான். அழிக்கிறவனுக்குக் கோப்பு எதற்குக் கிடைக்க வேண்டும்? எடுத்து வைக்கிறவனுக்கு அல்லவா கிடைக்க வேண்டும்? அந்தச் சொல்லுக்கு இன்னொரு அர்த்தம் இருப்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. இழந்ததை மீட்பது. மீட்டு, பழையபடி அமைப்பது. மென்பொருளைத் தமிழாக்கியவன் இந்தப் பொருளில் வைத்துவிட்டான். போனைத் தமிழாக்கியவன் வேறு பொருளில் வைத்துவிட்டான். இரண்டுக்கும் நடுவில் இவன்.

எழுந்தான். நாற்காலி அவனுக்குக் கீழேயே மெல்ல உயர்ந்தது. விலகினான். அதில் யாரோ உட்காரும் கனம் விழுந்தது, பஞ்சு அமுங்கியது. பார்க்காதே. சுவரைப் பார். சுவரைப் பிடித்துக்கொண்டு போ. கதவு வரை போனான். அறை வாசலில் அவன் கால் நின்றுவிட்டது. அதற்கு மேல் ஒரு அடி வரவில்லை.

கேட் திறந்தது. கத்தவே இல்லை.

சாவி. கதவு. ஈரச் செருப்பு. குட்டியின் குரல், சந்தோஷமான குரல், வீட்டை நிறைத்துக்கொண்டு ஓடி வந்தது. "அப்பா! ஷூ பாருங்க அப்பா!"

அவன் கூடத்துப் பக்கம் திரும்பிக் கைகளை விரித்தான். உயிரே திரும்பி வந்ததுபோல் இருந்தது. தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவிடலாம், மழையில், எங்கேயாவது. குழந்தை ஓடி வந்தது. அவன் கைக்கு அடியில் குனிந்து, அவனைத் தாண்டி, உள்ளே போயிற்று.

பார்க்க வேண்டியதாயிற்று. நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். அகலமான தோள். சட்டை. ஒரு கால். கால்சட்டையின் மறு கால் தட்டையாகத் தொங்கியது. குட்டி மடியில் ஏறி, புது ஷூவைத் தூக்கிக் காட்டி, கன்னத்தை நீட்டியது. அந்தத் தலை குனிந்தது. நெற்றியிலிருந்து மோவாய் வரை அதில் ஒன்றுமே இல்லை, மாவை உருட்டி வைத்ததுபோல் வெறுமையான சதை. அந்த வெறுமை குழந்தையின் கன்னத்தில் அழுந்தி எடுத்தது. குட்டி கூச்சத்தில் சிரித்தது.

அவள் குடையை மடக்கிக்கொண்டு வந்தாள். அவனைப் பார்த்து, வாடிக்கையாளர்கள் சிரிக்கிற அந்த மரியாதைச் சிரிப்பைச் சிரித்தாள்.

"வேலை முடிஞ்சுதுங்களா சார்?"

என்னங்க என்று கூப்பிட்ட வாய். அவன் அவள் பெயரைச் சொல்ல முயன்றான். காற்றுதான் வந்தது. அவள் அவனுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள், நாற்காலியில் இருந்ததைப் பார்த்தாள், அவள் முகம் கனிந்தது, பிறகு எதையோ தேடுவதுபோல் கொஞ்சம் சுருங்கியது.

குட்டி அந்த வெறுமையில் காதை வைத்துக்கொண்டிருந்தது. கேட்டது. தலையாட்டியது. பெரியவர்கள் சொல்லியனுப்பியதை ஒப்பிக்கிற பொறுப்போடு அவனைப் பார்த்தது.

"அங்கிள், அவரோட முகத்தை எங்க வெச்சிருக்கீங்கன்னு அப்பா கேக்குறாரு."

"அழிச்சிருந்தாலும் ஒரு காப்பு இருக்கும்ல சார்?" என்றாள் அவள். குரலில் கோபமே இல்லை. சாரல் அடிக்கிறது என்று சொல்லிக்கொண்டே வாசல் கதவைச் சாத்தித் தாழிட்டாள். குட்டி மடியிலிருந்து இறங்கி வழிவிட்டது.

சக்கரம் உருண்டது. அவன் அசையவில்லை. அசைய வரவில்லை. ஊன்றி, இழுத்து, அது எழுந்தது. குளிர்ந்த விரல்கள் அவன் கன்னத்தில் பட்டன. நெற்றி வரை தடவின, அளவு பார்த்தன, திரும்ப இறங்கின. காதுக்குக் கீழே, தாடை ஓரத்தில் நின்றன. அங்கே, ஒட்டிய ஸ்டிக்கரின் ஓரத்தைத் தேடுவதுபோல, ஒரு நகம் மெல்லச் சுரண்ட ஆரம்பித்தது.